உயிரியல் டீச்சர் ஆக வேண்டுமா? கேள்வி - பதில்

கேள்வி: பி.எஸ்சி. தாவரவியல் இறுதியாண்டு படிக்கிறேன். பிளஸ் டூவுக்கு உயிரியல் டீச்சர் ஆக ஆசை. எம்.எஸ்சி.யில் விலங்கியல் எடுத்தால் இரண்டுமே தெரிந்த ஆளாகிவிடலாம் என்கிறாள் தோழி. எடுக்கலாமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: தோழி நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பாள், ஆனால் கேட்டுவிடாதீர்கள். தமிழ்நாட்டு அரசு மேல்நிலைப் பள்ளிகளில் 'உயிரியல் ஆசிரியர்' என்று தனியாக ஒரு பணியிடம் கிடையாது. தாவரவியலுக்கு ஒரு முதுகலை ஆசிரியர், விலங்கியலுக்கு ஒருவர், அவ்வளவுதான். பிளஸ் டூ உயிரியல் வினாத்தாளே தாவரவியல் 35, விலங்கியல் 35 என்று பிரிந்துதான் வருகிறது, நீங்களும் இரண்டு டீச்சர்களிடம்தானே படித்திருப்பீர்கள்? ஆசிரியர் தேர்வு வாரியம் கேட்பது இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடத்தில், கூடவே பி.எட். கீழே தாவரவியல், மேலே விலங்கியல் என்றால் அது 'கிராஸ் மேஜர்'. தேர்வில் நல்ல மார்க் வாங்கி, சான்றிதழ் சரிபார்ப்பு வரை போய், அங்கே இதைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பினால் யாரிடம் போய் அழுவது? பட்டத்தின் பெயர் கொஞ்சம் மாறியிருந்தால்கூட (இப்போது கல்லூரிக்கு ஒரு பெயர் வைக்கிறார்கள்) இணையானது என்று அரசாணை இருக்கிறதா என்பதைச் சேருவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள், சேர்ந்த பிறகு அல்ல.

சி.பி.எஸ்.இ. கதை வேறு. கேந்திரிய வித்யாலயா மாதிரி இடங்களில் ஒரே ஆள்தான் இரண்டையும் எடுக்க வேண்டும். அங்கே எம்.எஸ்சி. எதில் இருந்தாலும், இளங்கலையில் தாவரவியல், விலங்கியல் இரண்டையும் படித்திருக்க வேண்டும் என்பார்கள். அதனால் துணைப் பாடமாக விலங்கியல் படித்த அந்த மார்க் ஷீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, தனியார் பள்ளியில் இன்டர்வியூவுக்குப் போனால் முதல் கேள்வியே நீட் எடுப்பீர்களா என்பதுதான். 720 மதிப்பெண்ணில் 360 உயிரியல், அப்புறம் கேட்காமல் என்ன செய்வார்கள்!

கேள்வி: எம்.எஸ்சி. விலங்கியல், பி.எட். முடித்துவிட்டேன். டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) பாஸ் பண்ணாமல் பி.ஜி. டி.ஆர்.பி. (முதுகலை ஆசிரியர் பணிக்கான தேர்வு) எழுத முடியுமா?
– வாசகர், கடலூர்

பதில்: தாராளமாக. முதுகலை ஆசிரியர் பணிக்கு டெட் கேட்பதில்லை. தேர்வு 150 மதிப்பெண்: பாடத்தில் 110, கல்வியியல் 30, பொது அறிவு 10. இதற்கு முன்னால் கட்டாயத் தமிழ்த் தகுதித் தேர்வு ஒன்று உண்டு, 50க்கு 20 எடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் மற்றத் தாளைத் திருத்தவே மாட்டார்கள். தமிழ்தானே என்று அலட்சியமாக விட்டுவிடாதீர்கள் தம்பி. கல்வியியல் 30ஐயும் அப்படித்தான், பியாஜே, வைகாட்ஸ்கி மாதிரி உளவியலாளர்கள் எல்லாம் பி.எட்.டோடு போயிற்று என்று நினைக்கிறவர்கள் அங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

கேள்வி: பி.எட். இரண்டாம் ஆண்டு. 16 வாரப் பயிற்சிக்கு ஓர் அரசுப் பள்ளிக்குப் போகிறேன், பிளஸ் ஒன் தாவரவியல் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். எல்லாமே யூடியூபில் இருக்கிறது, நான் புதிதாக என்ன சொல்லிவிடப் போகிறேன் என்று பயமாக இருக்கிறது.
– வாசகி, தென்காசி

பதில்: பூவைக் கொண்டு போங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பிளஸ் ஒன் புத்தகத்தில் ஃபேபேசி (அவரைக்) குடும்பத்துக்குச் சங்குப்பூவைத்தான் தந்திருக்கிறார்கள், அது தெருவுக்குத் தெரு வேலியில் படர்ந்து கிடக்கிறது. பெஞ்சுக்கு ஒன்று கொடுங்கள், கூடவே ஒரு அவரைப் பூவும். அவரையில் கொடி அல்லி (இருப்பதிலேயே பெரிய இதழ்) மேலே நிமிர்ந்து நிற்கும், சங்குப்பூவில் அதே இதழ் கீழே விரிந்து கிடக்கும். பூவே தலைகீழாகத் திரும்பியிருக்கிறது! ஏன் மிஸ் என்று எவனாவது ஒருவன் கேட்பான், அங்கிருந்து பாடம் தானாக ஓடும். அப்புறம் படகு அல்லியை (படகு மாதிரிச் சேர்ந்திருக்கும் இரண்டு சிறிய இதழ்கள்) பிரித்து மகரந்தத்தாள்களை எண்ணச் சொல்லுங்கள். ஒன்பது ஒட்டியிருக்கும், பத்தாவது தனியாக நிற்கும். ஊசி முனையில் அதை ஒருமுறை பிரித்துப் பார்த்தவனுக்கு மலர் சூத்திரத்தை (பூவின் அமைப்பைக் குறியீடுகளில் எழுதுவது) மனப்பாடம் செய்ய வைக்க வேண்டியதில்லை.

அதைவிட முக்கியம், போவதற்கு முன்னால் கையைப் பழக்குங்கள். எம்.எஸ்சி. வரை படித்துவிட்டு ஒரு தண்டைச் சீராகக் குறுக்கே வெட்டத் தெரியாதவர்கள் நிறையப் பேர் (படிப்பில் ரெக்கார்டு நோட்டுக்குக் கொடுக்கும் மரியாதையைப் பிளேடுக்குக் கொடுப்பதில்லை, அது என் நெடுநாள் வருத்தம்). வழியோரத்து வெட்டுக்காயப் பூண்டுத் தண்டே போதும். பிளேடைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு, ரம்பம் மாதிரி அறுக்காமல் ஒரே இழுப்பில் உங்கள் பக்கமாக இழுக்க வேண்டும். முழு வட்டமாக வர வேண்டும் என்று அடம்பிடித்தால் தடியாகத்தான் வரும், மெல்லிசாக ஒரு ஓரம் கிடைத்தாலே நுண்ணோக்கியில் எல்லாம் தெரியும். சாஃப்ரனின் என்ற சிவப்புச் சாயத்தில் போட்டெடுத்தால் சைலம் (தண்ணீர் கடத்தும் திசு) மட்டும் சிவந்து நிற்கும். மேலே மூடும் கண்ணாடித் துண்டை, அதாவது கவர் ஸ்லிப்பைச் சாய்த்து இறக்குங்கள், இல்லாவிட்டால் பிள்ளைகள் காற்றுக் குமிழியைப் பார்த்துவிட்டு அதுதான் செல் என்பார்கள்.

லெசன் பிளானுக்கு வழிகாட்டி ஆசிரியர் கையெழுத்துப் போடும்போதே ஆய்வக அலமாரிச் சாவி யாரிடம் இருக்கிறது என்றும் கேட்டுவிடுங்கள். செய்முறைத் தேர்வு சமயத்தில் மட்டும் திறக்கிற அலமாரியாக இருந்தால், முதல் வாரத்தில் பாதி நாள் லென்ஸ் துடைப்பதிலேயே போய்விடும்.