ஈரச் சுவரும் புரோக்கர் கையில் சாவியும்

கேள்வி: குடியிருக்கும் வீட்டை விற்கப் போகிறோம். இரண்டு மாதமாக ஆட்கள் வந்து பார்க்கிறார்கள். ஒருவர்கூடத் திரும்பி வரவில்லை. படுக்கையறைச் சுவரில் ஈரக் கறை இருக்கிறது. பெயிண்ட் அடித்துவிட்டுக் காட்டச் சொல்கிறார் புரோக்கர். நாங்கள் இருவரும் வேலைக்குப் போவதால் ஒரு சாவியும் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: சாவியைக் கொடுக்காதீர்கள். சுவர் பிறகு.

சாவி கைக்குப் போய்விட்டால் உங்கள் வீடு அவருக்கு ஷோரூம். வேறொரு வீட்டைத் தள்ளிவிட இதைக் காட்டுவார். ‘ஈரச் சுவர், அதுக்கே இந்த விலை சொல்றாங்க. அடுத்த தெருவுல நல்லதா ஒண்ணு இருக்கு, வாங்க.’ வந்தவர்கள் திரும்பாததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். இன்னொரு வித்தையும் உண்டு: வாங்கும் எண்ணமே இல்லாதவர்களை வாரக்கணக்கில் கூட்டிவந்து உங்களைச் சலிக்க வைத்து, கடைசியில் தன் ஆளை அடிமாட்டு விலையோடு கொண்டுவந்து நிறுத்துவது. ‘பார்த்தவங்க எல்லாருமே விலை ஜாஸ்தின்றாங்க’ என்றால், யார் அந்த எல்லாரும் என்று கேளுங்கள். வருபவரின் பெயர், போன் நம்பர், தேதி, கூட்டி வந்தவர் யார் என்பதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நாளை இரண்டு புரோக்கர்கள் ஒரே ஆளுக்குக் கமிஷன் கேட்டு நிற்கும்போது அந்த நோட்டு உதவும். போன் வைத்திருக்கிற யாரும் இந்தத் தொழிலுக்கு வந்துவிடலாம் என்றாகிவிட்டது. லைசென்ஸ் முறை இருக்கும் இடங்களில்கூட அதைக் கேட்டுப் பார்ப்பவர் எத்தனை பேர்?

வேலைக்குப் போவது ஒரு தடையே இல்லை. வாரக் கடைசியில் பகல் வெளிச்சத்தில் இரண்டு மணி நேரம் ஒதுக்கி, எல்லாரையும் அப்போதே வரச் சொல்லுங்கள். நிஜமாக வாங்குபவர் வருவார்.

சாவி கொடுக்க ஒரே ஒரு விதிவிலக்கு, காலி வீடு. அதாவது நிஜமாகவே காலி; ‘பீரோ மட்டும் இருக்கு, மாடியில கொஞ்சம் சாமான் இருக்கு’ என்றால் அது காலி வீடு அல்ல. தண்ணீரின் மெயின் வால்வை மூடிவிட வேண்டும். கேஸ் இணைப்பு இருந்தால் அதையும். மின் மீட்டர் அளவை எழுதிக்கொண்டு, ஒவ்வொரு அறையையும் படம் எடுத்துவிட்டு, ஒற்றைச் சாவியைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கலாம். சாவி திரும்பி வந்ததும் பூட்டை மாற்றுங்கள். நகல் எடுக்கவில்லை என்று அவர் சொல்வதை நம்பி விட்டுவிடக் கூடாது.

இனி சுவர். பெயிண்ட் அடித்தால் சில வாரம் தாங்கும். சுவருக்குள் இருக்கும் தண்ணீர் உப்பைக் கரைத்துக்கொண்டு மேலே வந்து ஆவியாகும்; உப்பு வெள்ளையாகப் பூத்து, பெயிண்ட் கொப்பளித்து உரியும். அறையில் ஒரு சுவர் மட்டும் புதுசாக மின்னினால் அனுபவப்பட்டவர் நேராகப் போய் அதைத்தான் தட்டிப் பார்ப்பார். ரூம் ஸ்ப்ரேயும் அடிக்க வேண்டாம். எதையோ மறைக்கிறார்கள் என்ற சந்தேகத்தைத்தான் அது கிளப்பும்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். கறையின் மேல் ஒரு பிளாஸ்டிக் தாளை வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் உட்புறம், சுவரை ஒட்டிய பக்கம் நனைந்திருந்தால் தண்ணீர் சுவருக்குள்ளிருந்து வருகிறது: குழாய், அடுத்த குளியலறை, வெளிச்சுவர் விரிசல் என்று தேட வேண்டும். அறையைப் பார்த்த பக்கம் நனைந்திருந்தால் காற்றின் ஈரம்தான். ஜன்னலைத் திறந்து வைத்தாலே பெரும்பாலும் குறையும். கசிவை அடைத்த உடனே பெயிண்ட் அடிக்கக் கூடாது. நனைந்த சுவர் ஓர் அங்குலக் கனத்துக்கு ஏறக்குறைய ஒரு மாதம் என்ற கணக்கில்தான் காயும். அதுவரை கறையோடு காட்டுங்கள், சரி செய்த ரசீதையும் சேர்த்து. கறையோடு வாங்குபவர் கொஞ்சம் பேரம் பேசுவார், அவ்வளவுதான். மறைத்து விற்றால், கேட்டபோது இல்லை என்று பொய் சொன்னால், விற்ற பிறகும் வழக்கு உங்களைத் தேடி வரலாம்.

ஒன்றை விட்டுவிட்டேன். வாசலுக்குப் பக்கத்தில் சாவி மாட்டும் கொக்கி இருந்தால், ஆட்கள் வரும் நாளில் அங்கே எதுவும் தொங்கக் கூடாது. வீட்டைப் படம் எடுப்பதுபோல் சாவியையும் எடுத்துவிடலாம். தெளிவான ஒரு படத்தை வைத்தே பல சாவிகளுக்கு நகல் செய்ய முடியும்.