பெஞ்சில் உட்கார்ந்தால் கால் சும்மா இருப்பதில்லை

கேள்வி: ஒன்பது ஆண்டுகள் தொழில்முறைக் கூடைப்பந்து ஆடினேன். கோடையில் அமெரிக்கப் பெண்கள் தொழில்முறை லீக்கான டபிள்யூஎன்பிஏ, குளிர்காலத்தில் ஐரோப்பா. முழங்கால் போனதும் விட்டுவிட்டு, இப்போது அமெரிக்கக் கல்லூரி ஒன்றின் பெண்கள் அணிக்கு உதவிப் பயிற்சியாளராக இருக்கிறேன். பயிற்சியில் நானே இறங்கிச் செய்து காட்டினால், "உங்களுக்கு வரும், எங்களுக்கு வராது" என்கிறார்கள் பெண்கள். பெஞ்சிலிருந்து கத்துகிறேன் என்று தலைமைப் பயிற்சியாளர் கண்டித்தார். திரும்பவும் ஆடவே போய்விடலாமா?

பதில்: கடைசி வரியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். முழங்காலைப் பற்றி மருத்துவர் சொல்லட்டும். இடத்தைப் பற்றி உங்களுக்கே தெரியும்: 2024 வரை லீக்கில் 12 அணிகள், அணிக்கு அதிகபட்சம் 12 பேர். மொத்தமே 144 இடம். புது அணிகள் சேர்ந்தாலும், கல்லூரி முடித்த இளங்கால்கள் ஆண்டுதோறும் வந்து வரிசையில் நிற்கின்றன. ஆனால் உங்கள் கடிதத்தில் ஆட வேண்டும் என்ற ஆசை அவ்வளவாக இல்லை. 'இங்கே நான் யார்?' என்ற எரிச்சல்தான் இருக்கிறது. அதற்கு மருந்து வேறு.

அந்தப் பெண்கள் சொல்வது சாக்கு இல்லை, உண்மை. ஸ்க்ரீன் வந்ததும் (அதாவது, உங்களைத் தடுப்பவளின் வழியை உங்கள் அணிக்காரி மறித்து நின்றதும்) ஏன் இடப்பக்கம் திரும்பினீர்கள் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வீர்கள்? "தோன்றியது, திரும்பினேன்" என்பீர்கள். அந்தத் 'தோன்றியது' என்ற ஒரு சொல்லுக்குள் ஒன்பது ஆண்டுகள் மடித்துக் கிடக்கின்றன. நீங்கள் செய்து காட்டும்போது அவர்கள் பார்ப்பது உங்கள் வேகத்தை மட்டும். நீங்கள் எதைப் பார்த்தீர்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது. உங்கள் பழைய ஆட்ட வீடியோ ஒன்றைப் போட்டு, பந்து கைக்கு வந்த நொடியில் நிறுத்துங்கள். தடுப்பவளின் எந்தக் கால் முன்னே இருந்தது? இடுப்பு எந்தப் பக்கம் திரும்பியிருந்தது? வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முதல் நாள் திணறுவீர்கள். அப்படித் திணறி வெளியே வருவதுதான் நீங்கள் நடத்த வேண்டிய பாடம்.

இன்னொன்று, உங்கள் உடம்பிலுள்ள கடிகாரம் வேறு. பந்து கைக்கு வந்த அணி 24 நொடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும் என்ற ஷாட் கிளாக்கில் வாழ்ந்தவர் நீங்கள், அவர்களுக்கு 30 நொடி. டபிள்யூஎன்பிஏவில் உங்களுக்கு ஆறாவது ஃபவுலில்தான் வெளியே, அவர்களுக்கு ஐந்திலேயே. நீங்கள் "சீக்கிரம்!" என்று கத்தும் சில இடங்களில் அந்தப் பெண் நிதானமாகச் சரியாகவே ஆடிக்கொண்டிருக்கலாம். (டிவி முன்னால் உட்கார்ந்து நானும் இப்படித்தான் கத்துகிறேன். அதனால் யாருக்கும் நஷ்டமில்லை.)

கத்துவதைப் பற்றி நான் உங்கள் தலைமைப் பயிற்சியாளர் பக்கம்தான். பந்தை வைத்திருப்பவளுக்கு ஒரே நேரத்தில் இரண்டு குரல் கேட்டால் இரண்டுமே கேட்காது. டைம் அவுட் எடுத்ததும் பயிற்சியாளர்கள் சில நொடி தனியாகக் கூடுவார்கள் இல்லையா, உங்கள் இடம் அதுதான். ஒரே ஒரு விஷயம், பத்துச் சொல்லுக்குள்.

அதற்காகக் களத்தில் இறங்குவதை அடியோடு விட வேண்டாம். பல கல்லூரிகளில் பெண்கள் அணியோடு பயிற்சிக்கு மோத ஆண் மாணவர்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள். அவர்களோடு நில்லுங்கள், ஆனால் உங்கள் பாணியில் ஆடாதீர்கள். அடுத்து மோதப்போகும் அணியின் நட்சத்திரம் வலக்கையை மட்டும் நம்புபவளா? நீங்களும் வலக்கையிலேயே போங்கள். உங்கள் பெண்கள் தடுத்துவிட்டால் அன்றைக்கு உங்களுக்கு வெற்றி. இது கசக்கும் என்று தெரியும்.

லிண்ட்சே வேலன் நான்கு முறை டபிள்யூஎன்பிஏ பட்டம் வென்றவர். 2018-ல் நேரடியாக மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளர் ஆனார், ஐந்து சீசனில் விலகினார். அப்புறம் தான் ஆடிய மின்னசோட்டா லிங்ஸ் அணிக்கே உதவிப் பயிற்சியாளராகப் போனார். நியெல் ஐவி இதற்கு நேர்மாறு. டபிள்யூஎன்பிஏவில் ஆடிய பிறகு 2007-ல் தான் படித்த நோட்டர் டேம் பல்கலைக்கழகத்துக்கு உதவிப் பயிற்சியாளராகத் திரும்பி, 12 ஆண்டுகள் அந்த வேலையில் இருந்தார். இடையே ஒரு சீசன் ஆண்கள் என்பிஏ அணியில். 2020-ல்தான் நோட்டர் டேமின் தலைமைப் பொறுப்பு கிடைத்தது. நீங்கள் இதில் எத்தனை மாதமாக இருக்கிறீர்கள் என்று கடிதத்தில் எழுதவில்லை.

சரி, இந்த வாரமே ஒன்று செய்யுங்கள். அடுத்த எதிரணியை அலசும் வேலையைக் கேட்டு வாங்குங்கள். வீடியோத் துண்டுகள் எட்டுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றையும் நிறுத்தி, "எங்களுக்கு வராது" என்று சொன்ன அந்தப் பெண்ணிடமே "இங்கே உனக்கு என்ன தெரிகிறது?" என்று கேளுங்கள். அவள் பேசி முடிக்கும்வரை ரிமோட்டைத் தொடாதீர்கள்.