கொக்கு மனிதர் முதல் நிலையிலேயே பறந்தால் ஆட்டத்தின் சமநிலை குலையுமா?

ராயபுரத்தில் நண்பர்களுடன் மேசையில் ஆடும், ஒவ்வொருவரும் ஒரு பாத்திரமேற்று அதை நிலை நிலையாக வளர்க்கும் கதையாட்டத்திற்காக, எண்ணூர்க் கழிமுகத்தைப் பார்த்துக் கொக்கு மனிதர், நண்டு மனிதர் என இரு இனங்களை அமைத்துவிட்டு, இவ்வாறு கேட்டிருக்கிறீர்கள். குலையும் என்றே கருதுகிறேன். பள்ளம், மதில், வாளேந்திய காவலன் என ஆட்டத்தை நடத்துபவர் வைக்கும் தடைகள் பலவற்றைப் பறத்தல் நொடியில் பொருளற்றதாக்கிவிடும். இவ்வகைக் கதையாட்டமான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸில் 2015இல் வந்த ஆரகோக்ரா என்னும் பறவையினத்தின் பறக்கும் வேகம் ஒரு முறைக்கு 50 அடி என்றாலும், நடுத்தரக் கவசமோ கனத்த கவசமோ அணிந்தால் அது பறக்க இயலாது. 2022இல் அவ்வேகமும் நடைவேகத்தின் அளவுக்குக் குறைக்கப்பட்டது. ஆகவே, தொடக்கத்தில் உயரத்திலிருந்து காயமின்றி மிதந்து இறங்கும் திறனை மட்டும் கொடுத்து, ஐந்தாம் நிலையில் முழுப் பறத்தலைத் தாருங்கள்.

நண்டு மனிதரின் ஓடு கவசமாகக் கணக்கிடப்பட்டால், ஓடு கழற்றிய சில நாட்கள் உடல் மென்மையாக இருக்கும் இயல்பையும் சேருங்கள். காசிமேட்டில் நண்டு வாங்குவோர் அறிந்த உண்மைதான் அது.