பயணக் காசுக்கு ஆவணப்பட வேலை: கல்லடித் தங்கச்சிக்கு ஒரு பதில்

மட்டக்களப்பு, கல்லடியிலிருந்து போன செப்டெம்பரில் இலண்டனுக்கு முதுகலை படிக்க வந்த தங்கச்சி ஒருவர் கேட்டிருக்கிறார்: நாலே பேர் வேலைசெய்யும் சிறிய ஆவணப்பட நிறுவனம் ஒன்று மூன்று மாதப் பயிற்சிக்குக் கூப்பிடுகிறது. சம்பளம் இல்லை, பயணக் காசு தருவார்களாம். அடுத்த படம் மட்டக்களப்பு வாவியைப் பற்றியது. போகலாமா?

போங்கள் தங்கச்சி. ஆனால் பயணக் காசுக்குப் போகாதீர்கள்.

நானும் மட்டக்களப்புப் பக்கம்தான், களுவாஞ்சிக்குடி. 2012இல் இங்கே வந்தேன். அடுத்த வருடம் இதேபோல ஒரு நிறுவனத்தில், கடை ஒன்றின் மேல்மாடியில், மூன்று மேசையும் ஒரு கேத்திலும் இருந்த அறையில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். வாசலில் சப்பாத்தைக் கழற்றப் போய் எல்லோரும் சிரித்தார்கள்.

முதலில் விசா. மாணவர் விசாவில் தவணைக் காலத்தில் வாரத்துக்கு 20 மணித்தியாலம்தான் வேலை. சம்பளமில்லாத வேலையும் அந்தக் கணக்கில் சேரும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. முதுகலை மாணவர்களுக்குக் கோடைகாலமும் பொதுவாகத் தவணைதான், ஆய்வுக்கட்டுரை எழுதும் காலம் அது. விடுமுறை என்று நினைத்து முழுநேரம் ஒப்புக்கொள்ளாதீர்கள். இன்னொன்று, 'நீ சுயதொழிலாளியாகப் பதிந்து பில் அனுப்பு, காசு தருகிறோம்' என்பார்கள். கெட்ட எண்ணத்தில் அல்ல, இந்தத் துறையே அப்படித்தான் ஓடுகிறது. ஆனால் மாணவர் விசாவில் சுயதொழில் செய்யக்கூடாது. ஊழியராக எடுத்தால் மட்டும் சரி சொல்லுங்கள்.

சம்பளத்தைக் கேட்க வெட்கப்பட வேண்டாம். இத்தனை மணிக்கு வா, இதைச் செய் என்று வேலை வாங்கினால், அதற்கு எந்தப் பெயர் வைத்தாலும் 1998ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் உங்களுக்கும் பொருந்தும். 21 வயதுக்காரருக்கும் அதற்கு மூத்தவர்களுக்கும் 2025 ஏப்ரலில் மணிக்கு 12 பவுண் 21 பென்ஸ் ஆக்கினார்கள். ஏப்ரலுக்கு ஏப்ரல் அது மாறும். பக்கத்தில் நின்று பார்த்துப் பழகுவதற்கும், பாடநெறியில் கட்டாயமாக உள்ள, ஒரு வருடத்துக்கு மேற்படாத பயிற்சிக்கும் விலக்கு உண்டு. உங்கள் பாடநெறியில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று விரிவுரையாளரிடம் கேளுங்கள்.

இனி வேலை. கமெராவைத் தொடுவோம் என்று நினைத்துத்தான் எல்லோரும் போகிறோம். எனக்குக் கிடைத்தது காதுக்குள் மாட்டும் கருவி. ஊரில் பதிவுசெய்த பேச்சை நிமிடம், வினாடிக் குறிப்போடு எழுதி, ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க வேண்டும். ஒரு மணிநேரப் பேச்சுக்கு ஒரு முழு நாள் போனது. எனக்கு முன்பு கிழக்கு மாகாணம் அறியாத ஒருவர் அதைச் செய்திருந்தார். கொக்கட்டிச்சோலைப் பக்கத்து வேளாண்மைக்காரர் ஒருவர், வட்டைக்குப் போய்விட்டு மறுகா வந்து கதைப்பதாகச் சொல்கிறார். மொழிபெயர்ப்பில் அவர் ஏதோ வட்டத்துக்குப் போய், பேச மறுத்துவிட்டார்! வட்டை என்றால் வயல்வெளி, மறுகா என்றால் பிறகு. நமக்கு இதை ஒருவர் சொல்லித்தர வேண்டுமா?

வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைதான் என்னைப் படுத்தியது. திரையின் அடியில் இரண்டு வரிக்குமேல் இடமில்லை. சூரியன் மறையும் கரை என்று எழுதினால் கவிதையாகிவிடும். மேற்குக் கரை என்று எழுதினால் பாலஸ்தீனத்துக்குப் போய்விடும். கடைசியில் படுவான்கரை என்றே ஆங்கில எழுத்தில் விட்டோம்.

இந்த வேலையை அந்த நாலு பேரில் ஒருவராலும் செய்ய முடியாது. நீங்கள் இல்லாவிட்டால் அவர்கள் காசு கொடுத்து ஆள் பிடிக்க வேண்டும். அதை மனதில் வைத்துக்கொண்டு பேசுங்கள். மொழிபெயர்ப்பாளர் என்று உங்கள் பெயர் படத்தில் வரவேண்டும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். நான் வாங்கவில்லை. என் பெயர் நன்றிப் பட்டியலில், நாங்கள் சாப்பிட்ட கடையின் பெயருக்குக் கீழே வந்தது.

2014இல் சுனாமியின் பத்தாவது ஆண்டுக்கான படத்துக்காக அவர்களோடு ஊருக்குப் போனேன். நாவலடியிலிருந்து திராய்மடுவில் குடியேறிய ஒரு தாய், முற்றத்தில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்து, மகளின் கை தன் கையிலிருந்து நழுவிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். சரியாக அந்த இடத்தில் பாண் விற்கும் ஓட்டோ தன் மெட்டைப் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள் வந்தது. ஒலி கெட்டுவிட்டது, இன்னொரு தரம் சொல்லச் சொல் என்றார் இயக்குநர். நான் சொன்னேன். இன்றைக்கும் அதற்காக வெட்கப்படுகிறேன். அந்த அம்மா கமெராவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "முதல் சொன்னது பிழையா மகன்?" என்று கேட்டார். பிழையில்லை அம்மா, போதும் என்றேன். இயக்குநரிடம், இனிக் கேட்கமாட்டேன் என்றேன். அன்று இரவுச் சாப்பாட்டில் ஒருவரும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அதற்குப் பிறகு சம்மதப் படிவம். ஆங்கிலத்தில் ஒரு பக்கம். எல்லா ஊடகங்களிலும், பிரபஞ்சம் முழுவதும், காலவரையின்றி என்று இருந்தது. பிரபஞ்சத்தைத் திராய்மடுவில் எப்படி விளங்கப்படுத்துவது? நீர் சொன்னால் சரிதானே என்று அந்த அம்மா கையெழுத்து வைத்தார். ஆகவே தங்கச்சி, வாவிப் படத்துக்கு ஊருக்குப் போவதாக இருந்தால், இலண்டனை விட்டு வெளிக்கிடும் முன்பே படிவத்தைத் தமிழில் ஆக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிரதியைப் பேசியவர் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள். நாளைக்கு ஏதாவது பிசகு என்றால் நிறுவனத்தை அல்ல, கல்லடிப் பாலத்தடியில் உங்கள் அம்மாவை மறித்துத்தான் கேட்பார்கள்.

எங்கள் அம்மாவையும் சந்தையில் கேட்டார்கள், படம் எங்கே என்று. 2017இல் மடிக்கணினியில் கொண்டுபோய்த் திராய்மடு அம்மாவுக்குக் காட்டினேன். படத்தொகுப்பாளர் அந்த மெட்டை வெட்டாமல் விட்டிருந்தார். அந்த இடம் வந்ததும் அந்த அம்மா, "அட, பாண்காரன்" என்றார். பிறகு தேநீர் வைக்க எழுந்து போனார்.

நிறுவனத்தின் கடிதம் வந்ததும், கையெழுத்து வைக்கும் முன் எனக்கு அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வீட்டில்தான் இருப்பேன், வாசித்துச் சொல்கிறேன்.