மாடிக்குப் போன தாத்தா

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு, இங்கிலீஷ் மீடியம். கதைப் புத்தகம் என்றாலே ஓடுகிறான். புத்தகக் கண்காட்சியில் 4,200 ரூபாய்க்குத் தமிழிலும் இங்கிலீஷிலும் வாங்கி வந்தோம். ஒரு பக்கம் படித்தால் 2 ரூபாய் என்று நோட்டுப் போட்டுக் கணக்கு எழுதியும் பார்த்தாயிற்று. முதல் வாரம் படித்தான், அப்புறம் இல்லை. செல்போனையும் எடுத்து ஒளித்துவிட்டோம். என் மாமனார் காலையில் பேப்பரைச் சத்தம் போட்டுப் படிப்பவர். பையன் ஹோம்வொர்க்கை விட்டுவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறான் என்பதால் அவரை மாடி அறைக்கு மாற்றிவிட்டோம். மற்றபடி வீட்டில் படிக்க எல்லா வசதியும் இருக்கிறது. இவனுக்கு வாசிப்பில் எப்படி ஆசை உண்டாக்குவது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்: ‘மற்றபடி’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு மேல் என்னால் நகர முடியவில்லை. வீட்டில் வாசித்துக்கொண்டிருந்தவர் ஒரே ஒருவர். அவரைத் தேடி உங்கள் பையன் தானாகப் போய் உட்கார்ந்திருக்கிறான். காசு கொடுக்காமல், கணக்கு எழுதாமல். அவரைத் தூக்கி மாடியில் போட்டுவிட்டு, மற்றபடி எல்லா வசதியும் இருக்கிறது என்கிறீர்கள். என்ன வசதி தாயே? அலமாரியா?

இந்தக் கேள்வி எனக்கு மாதம் நாலு தடவையாவது வருகிறது. பெரும்பாலும் செல்போனைத் திட்டியிருப்பார்கள். நானும் எந்தப் புத்தகம் வாங்கலாம் என்று எழுதி அனுப்புவேன். உங்களுக்கு அதை எழுதப்போவதில்லை. புத்தகம் உங்களிடம் நிறைய இருக்கிறது.

பையன் ஏன் ஓடுகிறான் என்று யோசித்தீர்களா? வீட்டில் அவன் கேட்கும் தமிழ் ‘வந்துட்டாங்க’, ‘போயிருச்சு’. புத்தகத்தைத் திறந்தால் ‘வந்துவிட்டார்கள்’, ‘போய்விட்டது’. இப்படி யாரும் அவனிடம் பேசியதே இல்லை. பேசுகிற தமிழும் எழுதுகிற தமிழும் இவ்வளவு தள்ளி நிற்கிற மொழியில், எழுத்துத் தமிழ் முதலில் காது வழியாகத்தான் பழக வேண்டும். இன்னொன்று. கடல், தங்கம், பகல் மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஒரே ‘க’தான், மூன்று ஓசை. எந்த இடத்தில் எது என்று 247 எழுத்தை மனப்பாடம் செய்தாலும் தெரியாது, கேட்டால்தான் தெரியும். கேட்டுப் பழகாத பிள்ளை ஒவ்வொரு சொல்லாக எழுத்துக்கூட்டி வரியின் கடைசிக்கு வருவதற்குள் வரியின் ஆரம்பம் மறந்துபோகிறது. இதில் கதை எங்கே ருசிக்கும்? பக்கத்துக்கு 2 ரூபாய் கூலி குறைச்சல் என்றுதான் சொல்வேன்.

அவனுக்கு அந்த ஓசையைத் தினமும் காலையில் இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தவர் உங்கள் மாமனார்.

சத்தம் போட்டுப் படிப்பதை ஏதோ கிழவர்களின் கெட்ட பழக்கம் மாதிரி எழுதியிருக்கிறீர்கள். தமிழர்கள் படித்ததே அப்படித்தான். 1951 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 100 பேரில் 18 பேர்தான். டீக்கடையில், முடிதிருத்தும் கடையில் ஒருவர் பேப்பர் படிப்பார், பத்துப் பேர் கேட்பார்கள். 1942-இல் மதுரையில் சி. பா. ஆதித்தனார் தினத்தந்தி தொடங்கியபோது எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும் புரிகிற தமிழில் எழுதச் செய்தாரே, அந்தத் தமிழ் காதுக்கும் ஏற்ற தமிழ். அட்டையிலேயே ‘பெரிய எழுத்து’ என்று போட்டு விற்ற கதைப் புத்தகங்கள் திண்ணையில் ஒருவர் ராகம் போட்டுப் படிக்க, தெருவே கேட்பதற்கு வாங்கப்பட்டவை.

என் பாட்டிக்குக் கையெழுத்துப் போடக்கூடத் தெரியாது. வாரப் பத்திரிகை வந்தால் தொடர்கதையை நான்தான் படித்துச் சொல்ல வேண்டும். அவசரத்தில் ‘வாளைப்பளம்’ என்று படித்துவிட்டால், வெற்றிலை இடிப்பதை நிறுத்திவிட்டு, “அது என்ன பளம், எந்த ஊர்ல விக்குது?” என்பாள். எழுத்து தெரியாதவள்தான் எனக்கு ழகரம் சொல்லிக் கொடுத்தாள். சுவாரசியமான இடத்தில் ‘தொடரும்’ வந்துவிட்டால் என்னைத்தான் திட்டுவாள், நானே எழுதியது மாதிரி.

சரி, உங்கள் வீட்டுக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். ‘மாற்றிவிட்டோம்’ என்று பன்மையில் எழுதியிருப்பதால் அவருக்கும் சேர்த்தே சொல்கிறேன். பெற்ற அப்பாவைப் படிக்கிற சத்தத்துக்காக மாடிக்கு அனுப்பும்போது அவர் வாயைத் திறக்கவே இல்லையா? வயதானவரை நம் வசதிக்கு ஒதுக்கி வைப்பது தப்பு. அதனால் பையனின் படிப்புக்கு நல்லது நடந்திருந்தால்கூட நான் தப்பு என்றுதான் சொல்வேன். இங்கே அதுவும் நடக்கவில்லை. சத்தமாகப் படிக்கிறவருக்கு இந்த வீட்டில் மாடிதான் இடம் என்பதையும் பையன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

முதலில் அவரைக் கீழே கூட்டி வாருங்கள். பையனைத் தூது அனுப்ப வேண்டாம். நீங்களே போய், “மாமா, கீழ வந்துடுங்க, நாங்க பண்ணது தப்பு” என்று சொல்லுங்கள். ‘பையனுக்காக’ என்று ஒரு வார்த்தை சேர்த்தால் அவர் ட்யூஷன் வாத்தியார் ஆகிவிடுவார், உங்கள் மன்னிப்பும் கெட்டுவிடும். அப்படியே அவர் கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பவர் மாற்றி எத்தனை வருடம் ஆயிற்று? 4,200 ரூபாயில் மிச்சம் இருந்திருந்தால் அதற்குச் செலவழித்திருக்கலாம்.

ஹோம்வொர்க்கை மாலைக்குத் தள்ளுங்கள். காலையில் கால் மணி நேரம் பேப்பர். கொலை, கொள்ளை எல்லாம் வருமே என்பீர்கள். எதைத் தாண்ட வேண்டும் என்று அவருக்குத் தெரியாதா? கிரிக்கெட் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கட்டும். ராத்திரி அந்த அலமாரியிலிருந்து பையன் ஒன்றை எடுக்கட்டும், பொம்மை அதிகமும் எழுத்து குறைச்சலுமாக இருந்தாலும் பரவாயில்லை. தாத்தா படிப்பார். கண் வலித்தால் தானே, “நீ படிடா மிச்சத்தை” என்பார். இங்கிலீஷ் புத்தகம் என்றால் பையன் படித்துத் தாத்தாவுக்குத் தமிழில் சொல்லட்டும். முடிந்ததும் ‘இதில் என்ன தெரிந்துகொண்டாய்’ என்று கேட்டுக்கொண்டு நடுவில் நீங்கள் நுழையக் கூடாது.

இருவரையும் கிளை நூலகத்துக்கு அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை, ஞாயிறு போகலாம். நீங்கள் கட்டும் சொத்து வரியில் ரூபாய்க்குப் 10 பைசா நூலக வரியாகச் சேர்த்து வாங்குகிறார்கள். 1948-இல் சென்னை மாகாணத்தில் போட்ட பொது நூலகச் சட்டத்திலிருந்து வந்த வரி அது. காசு கொடுத்துவிட்டுப் பார்க்காமலே இருக்கிறீர்கள். உங்கள் மாமனார் ஒருவேளை ஏற்கெனவே அங்கே உறுப்பினராக இருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

அந்த 2 ரூபாய் நோட்டை இன்றைக்கே மூடிவிடுங்கள். பையனுக்குப் பாக்கி ஏதாவது இருந்தால் கொடுத்துத் தீர்த்துவிட்டு மூடுங்கள்.