ரீசெட் போட்டும் அதே எர்ரர்: போர்டை மாற்றுமுன் பஞ்சைப் பாருங்கள்

வீரவநல்லூரில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதும் வாசகர் கேட்கிறார்: “எங்கள் இங்க் டேங்க் பிரிண்டரில் இரண்டு சிவப்பு விளக்கும் மாறி மாறி மின்னின. டவுனிலிருந்து வந்தவர் சாஃப்ட்வேர் போட்டு ரீசெட் செய்தார், ஓடியது. இப்போது மறுபடியும் அதே எர்ரர். மேசையில் மை வேறு வழிகிறது. ‘போர்டு போயிட்டு அண்ணாச்சி, மாத்தணும்’ என்கிறார். மாற்றலாமா?”

இப்போதைக்குப் போர்டுக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

மை தெளிக்கும் ஹெட்டைச் சுத்தம் செய்ய ஹெட் கிளீனிங் கொடுக்கும்போதெல்லாம் உறிஞ்சப்படும் மை, பிரிண்டருக்கு உள்ளே இருக்கும் பஞ்சுப் பட்டைக்குப் போகிறது. மெக்கானிக்குகள் அதை வேஸ்ட் இங்க் பேடு என்பார்கள். பஞ்சு எவ்வளவு நனைந்திருக்கிறது என்று பிரிண்டர் பார்ப்பதில்லை. எத்தனை கிளீனிங், எவ்வளவு மை என்று தன் மெமரியில் கணக்கு வைத்துக்கொண்டே வந்து, எல்லையைத் தொட்டதும் நின்றுவிடுகிறது. கரண்டை அணைத்துப் போட்டாலும் அந்தக் கணக்கு அழியாது. ரீசெட் அதை அழிக்கும், அவ்வளவுதான். வந்தவர் கணக்கை அழித்தார், பஞ்சைத் தொடவில்லை. மேசையில் வழிவது பெரும்பாலும் அந்தப் பஞ்சு தாங்காத மைதான்.

ரீசெட் வியாபாரத்தில் நடப்பதைக் கேட்டால் கோபம் வரும். ரீசெட் சாஃப்ட்வேரில் போட வேண்டிய கோடு எண்ணைக் கீ என்பார்கள். ஒரு கீ ஒரு முறைக்குத்தான் செல்லும். அதை ‘பெர்மனென்ட்’ என்று விற்கிறார்கள். சோதனைக்கு இலவசமாகக் கிடைக்கும் கீ கணக்கைக் கொஞ்சம்தான் இறக்கும். அதைப் போட்டுவிட்டு முழுக் காசு வாங்குபவர்களும் உண்டு. இதைவிட மோசம், ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லி, எங்கிருந்தோ இறக்கிய புரோகிராமை உங்கள் கம்ப்யூட்டரில் ஓட்டுவது. உறுப்பினர் கடன் கணக்கெல்லாம் இருக்கும் கம்ப்யூட்டரில் அதை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். அவர் லேப்டாப்பைக் கொண்டுவந்து செய்யட்டும்.

ஒரு விதிவிலக்கை நன்றாக மனதில் வையுங்கள். எப்சன் எல்6170, கேனான் ஜி3020 போன்ற மாடல்களில் பஞ்சுக்குப் பதில் மெயின்டனன்ஸ் பாக்ஸ் அல்லது கார்ட்ரிட்ஜ் இருக்கிறது. நீங்களே கழற்றிப் புதிதை மாட்டலாம், எர்ரர் போய்விடும். சாஃப்ட்வேர் வேண்டாம், கீ வேண்டாம், ஆளே வேண்டாம். அந்த மாடலுக்கும் ‘ரீசெட் சார்ஜ்’ கேட்டால் அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். கேனான் ஜி3000 வேறு. அதில் பஞ்சு உள்ளேதான். அங்கே 5பி00 (5B00) என்ற எர்ரர் வந்தால் உங்கள் கதைதான்.

சரி, இனி என்ன செய்வது? பிரிண்டரை அணைத்துப் பிளக்கைப் பிடுங்குங்கள். மை வழியும் பிரிண்டரைச் சாய்த்துப் பஸ்ஸில் தூக்கிப் போகாதீர்கள். புதுப் பேடு போட்டு, உங்கள் கண்முன்னே பழையதைக் காட்டி, அப்புறம் ரீசெட் செய்யச் சொல்லுங்கள். சில நூறு ரூபாய்ப் பொருளுக்கு மூன்று கொட்டேஷன் கேட்டு அலுவலகங்கள் மாதக்கணக்கில் இழுப்பதால்தான், ‘இப்போதைக்கு ஓட்டித் தாரேன்’ என்பவருக்குப் பிழைப்பு ஓடுகிறது. கம்பெனிகளும் பேடு எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று சாதாரணமாகப் பார்க்கும்படி வைப்பதில்லை. கடைசியில் ஒரு எச்சரிக்கை வரும், யாரோ ஓகே அழுத்திவிடுவார்கள்.

சாயங்காலம் சுவர் சுவிட்சை நேராக அணைக்காமல், பிரிண்டரின் பட்டனில் அணையுங்கள். அப்போதுதான் ஹெட் மூடிக்குள் போய் நிற்கும். இல்லாவிட்டால் மை காய்ந்து, கிளீனிங் கூடி, புதுப் பஞ்சும் சீக்கிரம் நிறையும்.

பேடு மாற்றி ரீசெட் செய்தபின் விளக்கு மின்னுவது நின்றால் போர்டு நன்றாகத்தான் இருக்கிறது. நிற்காவிட்டால், எப்படி மின்னுகிறது என்று போனில் வீடியோ எடுத்து, வேறொரு மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.