நர்சரியில் வாங்கிய ரோஜா ஏன் ஒரே மாதத்தில் பட்டுப்போகிறது? மதுரையில் ரோஜா வளர்க்க முடியுமா?

மூன்று செடி வாங்கினீர்கள், இரண்டு வேளையும் தண்ணீர் ஊற்றினீர்கள், மூன்றும் பட்டுப்போயின என்று கேட்டிருக்கிறீர்கள். என் கணக்கு ஆறு. மல்லிக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊரில் உனக்கு எதற்கு ரோஜா என்று வீட்டில் கேலி வேறு.

ஐந்தாவது செடி காய்ந்த பிறகுதான் பிடுங்கிப் பார்க்கத் தோன்றியது. தொட்டி மண் பொலபொலவென்று உதிர்ந்தது. நடுவில் மட்டும் ஒரு சிவப்புக் களிமண் உருண்டை, நர்சரி கவருக்குள் இருந்த அதே வடிவத்தில் முழுசாக வந்தது. ஒரு வேர்கூட அதை விட்டு வெளியே வரவில்லை. சுத்தியலால் தட்டினேன், உள்ளே புழுதி. ஆறு வாரம் ஊற்றிய தண்ணீர் முழுக்க உருண்டையைச் சுற்றிக்கொண்டு கீழ் ஓட்டை வழியாகப் போயிருக்கிறது.

வெளியூரிலிருந்து லாரியில் வரும் செடிகளுக்கு வேர் ஆடாமலிருக்க இப்படிக் களிமண் பிடித்து அனுப்புகிறார்கள். ஆகவே வாங்கி வந்த அன்றே நடாதீர்கள். ஒரு வாரம் நிழலில் இருக்கட்டும். அப்புறம் கவரைக் கிழித்து, உருண்டையை ஒரு வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, வெளிப்பக்கக் களிமண்ணை விரலால் மெதுவாகக் கரைத்துவிடுங்கள். முழுக்க உதறினால் சல்லிவேர் அறுந்துவிடும். 12 அங்குலத் தொட்டி, இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மக்கிய சாண எரு, ஒரு பங்கு மணல். மணல் விற்கிற விலைக்குத் தென்னைநார்க் கழிவு போட்டாலும் சரிதான். நட்டதும் இருக்கிற பூ, மொட்டு எல்லாவற்றையும் கிள்ளிவிடுங்கள். வீட்டில் திட்டு விழும், விழட்டும். வேர் பிடிக்க வேண்டிய நேரத்தில் பூ எதற்கு?

ஆறாவது செடி ஜோராக வந்தது. அடியிலிருந்து ஒரு தளிர் கிளம்பி ஒரே மாதத்தில் முழங்காலைத் தாண்டியது. நான் பூரித்துப்போய்ப் புண்ணாக்குக் கரைசல் ஊற்றிக்கொண்டிருந்தேன். கீழ்வீட்டு அப்பத்தா வத்தல் காயப்போட மாடிக்கு வந்தவர், "ஏந்தம்பி, இது காட்டுச் செடியில்ல? இதப் போயி ஊட்டி வளத்துக்கிட்டு இருக்கியே" என்றார். ஒட்டுச் செடியில் அடித்தண்டு ஒரு காட்டு ரோஜா. நமக்கு வேண்டிய ரகத்தின் மொட்டை அதன்மேல் கட்டியிருப்பார்கள். அந்த இடம் முடிச்சு மாதிரி புடைத்திருக்கும். முடிச்சுக்குக் கீழே எது முளைத்தாலும் காட்டுச் செடிதான். அது சத்தை எல்லாம் உறிஞ்சிக்கொள்ள, மேலே இருக்கும் நல்ல ரோஜா நாளாக நாளாக மெலிந்து செத்துவிடும். என்னுடையது அப்படித்தான் செத்தது. கத்தரிக்கோலால் வெட்டினால் மறுபடி துளிர்க்கும். முளைத்த இடத்தோடு கிழித்து எடுக்க வேண்டும். நடும்போது முடிச்சு மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும்.

தண்ணீருக்கு வேளைக் கணக்கு வேண்டாம். விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விடுங்கள், காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும்போது இரண்டு வேளையும் தேவைப்படலாம். அப்போது தளமே கொதிக்கும், தொட்டியைச் செங்கல் மேல் தூக்கி வையுங்கள். காலை வெயில் ஐந்தாறு மணி நேரம் கட்டாயம், மதியத்துக்கு மேல் பச்சை வலை. புதுத் தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால், பெரும்பாலும் உப்பான போர்வெல் தண்ணீரின் வேலை. மழைத் தண்ணீரைப் பிடித்து ஊற்றிப் பாருங்கள். ஆர்.ஓ. மெஷின் கழித்துவிடும் தண்ணீர் மட்டும் வேண்டவே வேண்டாம், அதில் உப்பு இன்னும் அதிகம்.

மாவுப்பூச்சிக்கும் இலைப்பேனுக்கும் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலம் தெளித்தால் போதும். கடலைப் புண்ணாக்கை மூன்று நாள் ஊறவைத்து, பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து, பதினைந்து நாளுக்கு ஒரு தடவை ஊற்றலாம். புதுத் தளிர் வந்த பிறகுதான். நாற்றத்துக்கு நான் பொறுப்பல்ல.

இன்னொன்று. கலருக்கு ஆசைப்பட்டு ஒட்டு ரோஜாவில் ஆரம்பிக்காதீர்கள். முதலில் பன்னீர் ரோஜா. நிலக்கோட்டைப் பக்கம் மாலைக்காக வயலிலேயே போடுகிறார்கள், நம் வெயில் அதற்குப் பழக்கம். கம்பு ஊன்றியே வருவதால் காட்டுத் தளிர் பயமும் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் கவாத்து செய்பவர்களிடம் கேளுங்கள், எப்படியும் வெட்டிப் போடுகிற கம்புதானே. பென்சில் பருமன், ஒரு சாண் நீளம், மழை ஈரத்தில் ஊன்றினால் வேர்விடும். கணுவில் இருக்கும் மொட்டு மேல்நோக்கி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நான் முதல் தடவை நான்கு கம்பைத் தலைகீழாக ஊன்றிவிட்டு ஒரு மாதம் காத்திருந்தேன்.